மோரில் கலந்த தண்ணீர்

ஐம்பதுகளில் தென்காசியில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ், ஜவுளிக்கடை விளம்பரம் என்று ஊரார் சொல்ல நினைத்ததையெல்லாம் ஈய எழுத்தில் தலைகீழாக அடுக்கிக் கொடுத்தவன் நான். அடுத்தவர் வார்த்தையில் ஒரு புள்ளி விட்டுப்போனால்கூட எனக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவன் என் வீட்டில் நடந்ததைப் பற்றி இத்தனை வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. நேரமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். பயம்தான் காரணம்.

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே சாரல் தொடங்கிவிட்டது. குற்றாலத்துக்கு வெளியூர்க் கூட்டம் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கியது. தென்காசியில் சத்திரம், ஹோட்டல், தெரிந்தவர் வீடு, தெரியாதவர் வீடு எல்லாம் நிரம்பின. ஆடி முதல் வாரத்தில் ஊருக்குள் பேதி பரவ ஆரம்பித்தது. எங்கள் அச்சகத்துக்கு அவசர வேலையாக ஒரு நோட்டீஸ் வந்தது. 'குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகே குடிக்கவும்.' அதைக் கோத்தவன் நான்தான். பெரிய எழுத்துப் பெட்டியில் 'கொதிக்க'வுக்கு ஒரு கொம்பு எழுத்து குறைந்தது. கட்டிவைத்திருந்த ஜவுளிக்கடை விளம்பரத்திலிருந்து ஒன்றை உருவிச் சரிக்கட்டினேன். மை காயாத நோட்டீஸ் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்படிச் சுவரில் நானே ஒட்டியும் வைத்தேன்.

நாங்கள் மூன்று பேர். நான், என் மனைவி, மூன்று வயதில் ஒரு பெண்பிள்ளை. சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளை ஓடிவந்து என் கையை மோந்து பார்ப்பாள். அச்சு மை நாற்றத்துக்கு மூஞ்சியைச் சுளித்துவிட்டு மறுபடியும் மோந்து பார்ப்பாள். இது தினமும் நடக்கும்.

மனைவிக்குப் பிறந்த வீடு சுந்தரபாண்டியபுரம். மாடு கன்று நிறைந்த சம்சாரி வீடு. கல்யாணமாகி வந்தபோது பண்டம் பாத்திரத்தோடு ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் அவள் அம்மா வீட்டு உறைமோரும் வந்தது. அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அன்று சாயங்காலமே பாலில் விட்டாள். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல் முந்தின நாள் தயிரில் ஒரு கரண்டி மறுநாள் பாலுக்கு என்று அந்த உறை எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் தயிர் கத்தியால் வெட்டினால் நிற்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "உங்க ஊருல தயிருங்கிறது வெள்ளைத் தண்ணிதானே" என்று என்னைச் சீண்டுவாள்.

ஆடி இரண்டாம் வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாள் பேதி. அதற்கு மறுநாள் சீதமும் ரத்தமுமாகப் போயிற்று. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓடினோம்.

அந்த டாக்டர் மலைக்கு அந்தப்பக்கம் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ரொம்பக் காலம் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கூலிக்காரர் குடியிருக்கும் லயன் வீடுகளில் வாந்திபேதியும் சீதபேதியும் பார்த்துப் பார்த்துத் தேறிய கை. எரிந்து விழுவார், ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பொறுமையாகப் பதில் சொல்லுவார். சல்பா மாத்திரையை எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டு, "வீட்டுல தயிர் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு டாக்டரய்யா" என்றாள் மனைவி.

"வெண்ணெய் எடுத்த மோர், நல்லா நீர்க்கக் கலக்கி, உப்புப் போட்டு, ரெண்டு மணிக்கொரு தடவை அரை டம்ளர் குடு. நடுவுல கஞ்சித்தண்ணி. மாத்திரைக்குப் பதிலா இல்ல, மாத்திரையோட."

பேதியாகிற பிள்ளைக்கு மோரா என்று நான் கேட்டேன். எனக்கு அவர் சொன்ன விளக்கம் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"வயித்துக்குள்ள கெட்ட கிருமி மட்டும் இல்ல வே. நல்லதும் கூட்டமா இருக்கு. இந்த மாத்திரைக்கு நல்லது கெட்டது தெரியாது, கண்ணுல பட்டதை எல்லாம் அடிச்சுப் போடும். அப்புறம் காலி வீட்டுல கண்டவனும் குடியேறுவான். மோருல இருக்கது நல்ல கிருமி. உயிரோட இருக்கும். அது உள்ள போயி இடத்தைப் பிடிச்சிக்கிட்டுன்னா கெட்டது திரும்ப வர யோசிக்கும்."

"அப்ப மோரைக் காய்ச்சிக் குடுக்கக் கூடாது, இல்லையா?" என்று கேட்டாள் மனைவி.

டாக்டர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "நீ புரிஞ்சுக்கிட்டே. பாலைக் காய்ச்சு, தண்ணியைக் காய்ச்சு, மோரைக் காய்ச்சாதே. காய்ச்சினா உயிரு போயிரும்."

அவள் எழுதப்படிக்கத் தெரியாதவள். ஆனால் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். விடியும் முன் எழுந்து தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைப்பாள். அதைப் பித்தளைச் செம்பில் ஊற்றித் தட்டுப் போட்டு மூடி ஆற வைப்பாள். கையை வெந்நீரில் கழுவிக்கொண்டுதான் தயிரில் கரண்டி வைப்பாள். செம்பைத் தொட்டுப் பார்த்து, ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் மோரில் தண்ணீர் கலப்பாள். சூடு இருந்தால் மோரில் உள்ள உயிர் போய்விடும் என்று அவளாகவே யோசித்துக் கண்டுபிடித்த பக்குவம் அது.

சேதி தெரிந்து வீரகேரளம்புதூரிலிருந்து என் அக்கா வந்து சேர்ந்தாள். எங்கள் வீட்டுக்கு மூத்தவள், எல்லாரையும் மிரட்டியே வளர்ந்தவள். வந்ததும் வராததுமாக மோர் டம்ளரைப் பார்த்தாள்.

"ஏட்டி, வயித்தால போற பிள்ளைக்குப் பச்சை மோரா குடுக்கே? குளிர்ந்து போயிராதா?"

"டாக்டரய்யா சொல்லியிருக்காரு மதினி."

"டாக்டரு பிள்ளை பெத்தானா, நீ பெத்தியா?"

மனைவி டம்ளரைக் கீழே வைக்கவில்லை. பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, சொட்டுச் சொட்டாகப் புகட்டி முடித்தாள். நான் யார் பக்கமும் பேசாமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு எப்போதும் சுலபமாக வந்த காரியம்.

நாலாம் நாள் ரத்தம் நின்றது. பிள்ளை கண்ணைத் திறந்து இடியாப்பம் கேட்டாள். என் கையைப் பிடித்து மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளித்தாள். அக்காகூட இடியாப்பத்துக்கு மாவு பிசைய உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் அச்சகத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தேன் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அதோடு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கத் தெரிந்தவனாக இருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

எங்கள் பக்கத்தில் அருவித் தண்ணீரை யாரும் தண்ணீர் என்று நினைப்பதில்லை. அது மருந்து. மலை மேலே ஆயிரம் மூலிகையின் வேரைத் தொட்டுக்கொண்டு இறங்குகிறது, சொறி சிரங்கு முதல் பித்தம் வரைக்கும் கேட்கும் என்பது பிறந்ததிலிருந்து காதில் விழுந்த பேச்சு. வெளியூர்க்காரன் பாட்டிலில் பிடித்துக்கொண்டு ரயிலேறுவான். அதைக் காய்ச்சக் கூடாது, காய்ச்சினால் மூலிகைச் சத்து செத்துவிடும் என்பதும் அதோடு சேர்ந்த பேச்சு. அடுப்படியில் நான் ஒட்டிய நோட்டீஸ் கிணற்றுத் தண்ணீருக்கும் குழாய்த் தண்ணீருக்கும் உள்ளது. அருவிக்கு நோட்டீஸ் ஒட்ட முடியுமா?

இது ஊரார் மடமை. என் மடமை இதற்கு மேல் ஒன்று. டாக்டர் சொன்னதை நான் என் போக்கில் நீட்டிக்கொண்டேன். மோரில் உயிர் இருக்கிறது, காய்ச்சினால் போய்விடும். சரி. அப்படியானால் உயிருள்ள மோரைக் கொண்டுபோய்ச் செத்த தண்ணீரில் எதற்குக் கலக்க வேண்டும்? உயிருள்ள மோருக்கு உயிருள்ள தண்ணீர்தானே பொருத்தம்? படித்தவன் என்ற நினைப்பு. நாலு எழுத்தைத் தலைகீழாக அடுக்கத் தெரிந்ததால் டாக்டருக்கே பாடம் சொல்லலாம் என்ற நினைப்பு.

சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். "அருவித் தண்ணியில மோரைக் கலந்து குடுத்தா என்னட்டி? சீக்கிரம் தேறிருவா."

"டாக்டரய்யா காய்ச்சின தண்ணின்னுதானே சொன்னாரு."

"அது கிணத்துத் தண்ணிக்கு."

"தண்ணின்னா எல்லாம் தண்ணிதாங்க" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல் தயிரைக் கடைந்துகொண்டே.

கைநாட்டுக்காரி எனக்குச் சொல்லுகிறாள். அந்த ரோஷம்தான். வேறு ஒன்றும் இல்லை. பிள்ளை மேல் உள்ள பாசத்தால் செய்தேன் என்று கொஞ்ச காலம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாசம் இருந்தது, அது உண்மை. ஆனால் அவளுக்குத் தெரியாமல் செய்ய வைத்தது பாசம் இல்லை.

மறுநாள் காலையில் அச்சகத்துச் சைக்கிளில் திருகுமூடி போட்ட பித்தளைக் கூஜாவை மாட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு மிதித்தேன். மூன்று மைல் சாரலில் நனைந்தபடி. பேரருவியில் கூஜாவை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தபோது மனைவி கிணற்றடியில் பிள்ளையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். அக்கா பிள்ளையோடு உள்ளே படுத்திருந்தாள். அடுப்படியில் செம்பில் காய்ச்சின தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. அதை முற்றத்தில் கொட்டிவிட்டு அருவித் தண்ணீரை ஊற்றி மறுபடி தட்டுப் போட்டு மூடினேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வேலைக்குப் போனேன்.

இரண்டாம் நாளும் போனேன். அன்று மத்தியானம் பிள்ளைக்குத் திரும்பவும் பேதி. இன்னும் கூட அருவித் தண்ணீர் உடம்பில் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் காலையில் அருவிக்கரையில் நான் ஒன்றைப் பார்த்தேன். நான் வழக்கமாகத் தண்ணீர் பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே பாறையில் ஒருவர் குந்தியிருந்து, பிள்ளைத் துணி ஒன்றை அலசிக்கொண்டிருந்தார். என்ன துணி என்று எனக்குத் தெரியும், பேதி பட்ட துணி. என் வீட்டுக் கிணற்றடியில் அந்த வாரம் முழுதும் அதே துணிதான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு நாலடி தள்ளிப்போய்க் கூஜாவை நிரப்பினேன். ஓடுகிற தண்ணீர்தானே என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் பிள்ளைக்குக் கண் குழிந்துவிட்டது. தோலைக் கிள்ளினால் கிள்ளின இடம் அப்படியே நின்றது. மறுநாள் டாக்டரே வீட்டுக்கு வந்து குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடினார். கையில் கிடைக்கவில்லை. காலில் கிடைக்கவில்லை. நடுப்பகல் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பிள்ளை போய்விட்டாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு மனைவியைப் பார்த்துக் கேட்டார். "தேறிக்கிட்டு இருந்தாளே. தண்ணியைக் காய்ச்சித்தானே கலக்கினே?"

"காய்ச்சினேன் டாக்டரய்யா. தினம் காய்ச்சினேன். ஆற வச்சுத் தொட்டுப் பாத்துத்தான் ஊத்தினேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை. சும்மா பார்த்தார். நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர் ஒருவரிடம், அந்த ஒரு நிமிஷம். நான் குனிந்து பிள்ளையின் காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் பையை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

அவர் வாசலைத் தாண்டியதும் அக்கா ஆரம்பித்தாள். "நான் தலபாடா அடிச்சுக்கிட்டேனே. பச்சை மோரை ஊத்தி ஊத்திக் கொன்னு போட்டியேட்டி. பெத்த வயிறா அது?"

வந்த சனம் எல்லாம் கேட்டது. அன்று மட்டும் இல்லை, பதினாறாம் நாள் வரைக்கும் துக்கத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும் அக்கா அதைச் சொன்னாள். கேட்டவர்கள் உச்சுக்கொட்டிவிட்டு மனைவியை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவள் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் வாயடைத்துக் கிடக்கிறாள் என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, அவள் அதை நம்பிவிட்டாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டை நகர்த்திக்கொண்டிருந்தேன். என்னைப் போல ஒரு கோழையை நான் கண்டதில்லை.

பதினாறு கழிந்த அன்று மனைவி தயிர்ச்சட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். முருங்கைமரத்து மூட்டில் தயிரைக் கவிழ்த்தாள். சட்டியை உடைக்கவில்லை, அழவும் இல்லை. சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் அம்மா வீட்டு உறை அத்தோடு நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஏழு வருஷம் தயிர் தோயவில்லை. குழம்புக்குச் சோறு, ரசத்துக்குச் சோறு, அதோடு இலையை மடிக்க வேண்டியதுதான். ஏதோ நேர்ச்சை என்று பக்கத்து வீடுகளில் நினைத்துக்கொண்டார்கள். அவள் வாயிலும் மோர் படவில்லை. நான் அச்சகத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் மத்தியானம் ஒரு டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். கள்ளுக் குடிப்பவன்கூட அவ்வளவு ஒளிந்து குடித்திருக்க மாட்டான்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாய் வரைக்கும் வந்தது. இன்றைக்கு அவளுக்கு உடம்பு சரியில்லை, நாளைக்குச் சொல்லலாம். இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இன்றைக்குப் பிள்ளை செத்த திதி. ஏழு வருஷத்துக்கும் சாக்கு இருந்தது. அப்போது கோபுரம் பிளந்து மொட்டையாக நின்ற எங்கள் ஊர்க் கோயிலுக்குப் போய்ச் சாமி முன்னால் சொல்லிவிட்டு வந்தேன். சாமியிடம் சொல்லுவது சுலபம், அவர் திருப்பிக் கேட்க மாட்டார்.

நடுவில் இரண்டாவதும் பெண்பிள்ளையாகப் பிறந்தது. அவளுக்கு இரண்டு வயதானபோது, அறுபதுகளின் நடுவில் ஒரு சாரல் காலத்தில், அதே காய்ச்சல் வந்தது. அதே சீதம், அதே ரத்தம். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டுக்கு ஓடியபோது செருப்புப் போடவில்லை.

டாக்டருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. இப்போது அவரிடம் புது மருந்து இருந்தது, கூடு கூடாக வரும் கேப்ஸ்யூல். கூட்டைப் பிரித்துப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, ரத்தமும் நின்றது. ஆனால் பேதி மட்டும் நிற்கவில்லை. தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது. பிள்ளை சிணுங்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் டாக்டர் வீட்டுக்கு வந்து பார்த்தார். "மருந்து அது வேலையைச் செஞ்சுட்டு. ஆனா குடலைத் துடைச்சுப் போட்டுட்டு. கஞ்சித்தண்ணியை விடாம குடு. மோர் குடுக்க ஆரம்பி. இல்லன்னா பிள்ளை தாங்காது."

மனைவி எழுந்து நின்றாள். பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தாதவள். "மாட்டேன் டாக்டரய்யா. ஒண்ணைக் குடுத்துக் கொன்னது போதும்."

"மோர் கொல்லாதும்மா."

"என் கையால குடுத்துத்தானே அவ போனா. நான் பாத்தேன்லா. என்னை வெட்டிப் போட்டாலும் குடுக்க மாட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "வே, நீ எடுத்துச் சொல்லு. இன்னைக்கு ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு நோயாளியைப் பார்க்கப் போனார்.

எடுத்துச் சொல்ல என்னிடம் இருந்தது ஒன்றுதான். மனைவி அடுப்படிக்குப் போய்க் கஞ்சிக்கு அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சுவரில் நான் ஒட்டிய நோட்டீஸ் புகை படிந்து இன்னும் இருந்தது. அதன் கீழே போய் நின்றேன்.

"உன் மோர் இல்லட்டி. என் தண்ணி" என்றேன்.

அவள் ஊதுவதை நிறுத்தவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். சைக்கிள், கூஜா, செம்பில் இருந்ததை முற்றத்தில் கொட்டியது. பாறையில் துணி அலசியவரையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை, அதுவே எனக்கு அசிங்கமாக இருந்தது. அடுப்பு பற்றிக்கொண்டது. அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளு?"

"மூணு நாளு."

வெளியே நீண்ட விறகை உள்ளே தள்ளினாள். பிறகு என்னிடம் இல்லை, தனக்குத்தானே சொன்னாள். "செம்பைத் தொட்டா ஜில்லுன்னு இருந்திச்சு. சாரக் காத்துல சீக்கிரம் ஆறிட்டுன்னு நினைச்சேன். நல்லதாப் போச்சுன்னுகூட நினைச்சேன்."

நான் அவள் காலில் விழுந்திருப்பேன். விழ விடாமல் எழுந்துவிட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கவிழ்த்து வைத்திருந்த தயிர்ச்சட்டியை எடுத்து வெந்நீர் விட்டுக் கழுவினாள். பாலை அடுப்பில் ஏற்றினாள். அப்போதுதான் வீட்டில் உறை இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

"ஹோட்டல்ல வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள். "உங்க கையால ஒண்ணும் வேண்டாம். நீங்க பிள்ளை பக்கத்துல இருங்க."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. விளக்கு வைத்தாயிற்று. விளக்கு வைத்த பிறகு எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணும் உறைமோரை வெளியே கொடுக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை என்றால் கேட்கவே வேண்டாம், லட்சுமி போய்விடுவாள். என் மனைவியும் ஒரு காலத்தில் அப்படிக் கொடுக்காமல் இருந்தவள்தான். மூன்று வீட்டு வாசலில் போய் நின்றாள். நான் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வீட்டிலும் காலையில் வா என்றார்கள். நாலாவதாகத் தெருக்கோடியில் தறி போட்டிருந்த சாயபு வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டம்மா ஒரு சிரட்டையில் உறை ஊற்றிக் கொடுத்து அனுப்பினாள். அதை முந்தானைக்குள் மறைத்து மழையில் நனையாமல் கொண்டுவந்தாள்.

சாரல் குளிரில் தயிர் தோயாது. சட்டியைத் தன் பழைய சேலையில் சுற்றி அடுப்புக் கதகதப்பில் வைத்துவிட்டு, பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். காலையில் தயிர் தோய்ந்திருந்தது, இறுகவில்லை. தண்ணீரைக் காய்ச்சி, செம்பில் ஊற்றி, செம்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், ஆறும் வரைக்கும். நான் அடுப்படிக்குள் நுழைந்தபோது தட்டை இன்னொரு கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிற்று.

நாலு நாளில் பிள்ளைக்குப் பேதி கட்டியது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். டாக்டரிடம் காட்டப் போனபோது மூத்தவள் விஷயத்தை நானே சொன்னேன். அவர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்தத் தண்ணியால்தான்னு சத்தியம் பண்ண முடியாது. அது இல்லாமலும் போயிருக்கலாம்" என்றார். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதைச் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தயிர் குறையவில்லை. எனக்கும் தினம் மோர் ஊற்றினாள். சண்டை போடவில்லை, குத்திக் காட்டவில்லை, அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. அக்கா சாகும் வரைக்கும் அவளைப் பழித்துக்கொண்டுதான் இருந்தாள். அக்காவிடம் நானும் சொல்லவில்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் மாறியது. நான் மொண்டு கொடுத்த தண்ணீரை அவள் குடிப்பதில்லை. காய்ச்சலில் கிடக்கும்போது டம்ளரை நீட்டினால் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். நான் அந்தப்பக்கம் போனதும் எழுந்துபோய்ப் பானையிலிருந்து தானே மொண்டு குடிப்பாள். முதல் தடவை தற்செயல் என்று நினைத்தேன். அதற்கப்புறம் நினைக்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. கடைசியில் அவள் நினைவு தப்பிக் கிடந்தபோது, வாயில் பால் ஊற்றுங்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். மகள் முதலில் ஊற்றினாள். சாரல் காலத்தில் மோர் குடித்துப் பிழைத்தாளே, அவள்தான். ஒரு கரண்டி. தொண்டை அசைந்தது, பால் உள்ளே இறங்கியது. பிறகு கரண்டியை என்னிடம் கொடுத்தாள். நான் ஊற்றினேன். கடைவாய் வழியாக வழிந்து தலையணையில் இறங்கியது.

"அம்மாக்கு விழுங்கச் சக்தி போயிட்டுப்பா" என்றாள் மகள்.

மகளுக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. நான் ஆமாம் என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துத் தலையணையைத் துடைத்தேன்.